வளைவில் ஹாரன் அடிக்கக் கூடாத மலை

பொள்ளாச்சியில் எங்கள் நண்பர் கூட்டத்துக்கு ஒரு பெயர்கூடக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் மோட்டார் சைக்கிள்களை எடுத்துக்கொண்டு, ஆழியார் வழியாக வால்பாறை ஏறி, அங்கே ஒரு கடையில் தோசை தின்றுவிட்டு இறங்கி வரும் ஏழு குடும்பங்கள், அவ்வளவுதான். கடல் தாண்டிப் போய் ஒரு மலையில் வண்டி ஓட்ட வேண்டும் என்பது அந்தத் தோசைக் கடையில் பல வருடமாக ஓடிய பேச்சு. இந்த வருடம் பேச்சு முற்றிவிட்டது. மலேசியாவில் கேமரன் மலை, வருகிற பிப்ரவரி என்று முடிவாகி, பாதையை முன்கூட்டியே பார்த்து வர என் கணவரையும் என்னையும் அனுப்பி வைத்தார்கள்.

அவரை அனுப்பியதற்குக் காரணம் உண்டு. எங்கள் கூட்டத்தில் முதல் வண்டி எப்போதும் அவருடையதுதான். எங்கே நிற்பது, எந்த வளைவில் வேகத்தைக் குறைப்பது, மழை வந்தால் ஒதுங்குவதா போவதா, எல்லாம் அவர் முடிவு. பின்னால் வருகிற ஆறு வண்டிகளும் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே மலை ஏறும்.

அந்த ஆறு வண்டிக்காரர்களுக்கும் தெரியாத ஒன்று இருந்தது. ஒரு வருடமாக அவருக்கு வலது கை நடுங்குகிறது. கோயம்புத்தூர் டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். அந்தப் பெயரை வீட்டில் நாங்கள் சொல்வதில்லை. 'கை' என்று சொன்னால் போதும், இருவருக்கும் புரியும். லேத் பட்டறையைத் தம்பி மகனிடம் ஒப்படைத்தாயிற்று. மலைப்பாதையில் வண்டி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் இடுப்பு வலி, கல்யாணம், காய்ச்சல் என்று சாக்குச் சொல்லிச் சொல்லி, எங்களுக்கே எதைச் சொன்னோம் என்று மறந்துபோனது.

நான் கியர் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டது இந்த ஒரு வருடத்தில்தான். அவர்தான் கற்றுக்கொடுத்தார். விடியற்காலை ஆழியார் சாலையில், தெரிந்த முகம் எதுவும் எழுந்திருக்காத நேரத்தில், நான் ஓட்ட அவர் பின்னால் உட்கார்ந்து வருவார். கேமரன் பேச்சு வந்தபோது நான் ஓட்டுகிறேன், நீங்கள் உட்காருங்கள் என்றேன். எல்லோர் முன்னாலும் மூட்டை மாதிரி உட்கார்ந்து வருவதைவிட நான் வீட்டிலேயே இருந்துவிடுவேன் என்றார். முதலில் போய்ப் பார்த்து வருவோம், அதற்குள் கை சரியாகலாம் என்று அவரே சமாதானமும் சொன்னார். ஊரிலிருந்து கிளம்பும்போது நண்பர் மணி, கோலாலம்பூரில் வண்டி வாடகைக்குத் தருகிற இடத்தில் யார் யார் ஓட்டுகிறார்கள் என்று பெயர் கேட்கிறார்கள், போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் அண்ணா என்றார். ஆக, பாதை பார்க்கப் போகிறோம் என்பது ஊருக்குச் சொன்னது. எங்கள் இருவருக்கும் வேறு ஒன்று தீர வேண்டியிருந்தது.

கோலாலம்பூரிலிருந்து பேருந்து. தாப்பா வரை நெடுஞ்சாலை. இங்கே வளைவு என்று ஒன்று உண்டா என்று கேட்கிற மாதிரி நேராகப் போனது. அதற்குப் பிறகு மலை. என் கணவர் ஜன்னலோரம் நெற்றியை ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு வளைவுக்கும் மார்க் போட்டுக்கொண்டு வந்தார். நம்முடைய வால்பாறையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எண் எழுதிய பலகை இருக்கும். எத்தனை முடிந்தது, எத்தனை மிச்சம் என்று தெரிந்துகொண்டே ஏறலாம். இங்கே பலகை இல்லை. வளைவுகளும் நம்முடையவை போல முகத்தில் அடிப்பதில்லை. ஒன்று முடிவதற்குள் இன்னொன்று தொடங்கி, வயிற்றை மெல்லப் பிசைந்துகொண்டே இருக்கிறது. எனக்கு முன்னால் இருந்த இளைஞன் பிளாஸ்டிக் பைக்குள் முகத்தை வைத்தவன் எடுக்கவே இல்லை.

பக்கத்து இருக்கையில் ஒரு சீன அம்மாள். என் கணவரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தவர், பையைத் துழாவி ஒரு காய்ந்த பழத்தை எடுத்து நீட்டி மலாயில் ஏதோ சொன்னார். பின்னால் இருந்த தமிழ்ப் பெண் எங்களுக்கு எடுத்துச் சொன்னாள்: வாந்தி வருகிறவர்களுக்கு இப்படித்தான் முதலில் கை நடுங்குமாம், வாயில் போட்டுக்கொள்ளச் சொல்கிறாராம். என் கணவர் ஒரு நிமிடம் தயங்கினார். பிறகு தெரிந்த ஒரே மலாய்ச் சொல்லில் நன்றி சொல்லி வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். உப்பும் புளிப்புமாக அவர் முகம் போன கோணலைப் பார்த்து அந்த அம்மாள் சிரித்தார். வழி முழுக்க என் கணவர் அந்தக் கொட்டையைத் துப்பவும் இல்லை, நோயைப் பற்றிப் பேசவும் இல்லை. மலைவாந்தி என்பது எவ்வளவு கௌரவமான காரணம் என்று அவர் யோசித்திருப்பார்.

ரிங்லெட்டில் இறங்கிக்கொண்டோம். அங்கே வசந்தியின் வீட்டு மாடியில் எங்களுக்கு அறை. வசந்தி தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்து, இப்போது டவுனில் காய்கறி வியாபாரம் செய்கிறவர். அவருடைய அண்ணன் பெருமாள் இன்னும் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிற கங்காணி. வந்தவர்களை வசந்தி கேட்ட முதல் கேள்வி, "பசியாறிட்டீங்களா?" என்பது. மாலை ஆகியிருந்தது. இந்த ஊரில் பசியாறுவது என்றால் காலைப் பலகாரம் சாப்பிடுவது. காலையில் சாப்பிட்டோமா என்று மாலையில் கேட்பது வெறும் பழக்கதோஷம் என்று அவரே சொல்லிச் சிரித்தார். பிறகு கொல்லையில் நின்ற வண்டியைக் காட்டினார். இங்கே மோட்டர் என்றால் மோட்டார் சைக்கிள்தான். கிளட்ச் இல்லாத, கியர் மட்டும் உள்ள, ஒல்லியான வண்டி. மலையில் பாதிப் பேர் இதில்தான் போகிறார்கள்.

வசந்தி சாவியை என் கணவரிடம் கொடுத்தார். வேறு யாரிடம் கொடுப்பார்? அவரும் வாங்கிக்கொண்டார். மாடிக்கு வந்ததும் சாவியை என் கைப்பையில் போட்டார்.

மறுநாள் காலை வசந்தி வாசலில் நின்று வழியனுப்பினார். என் கணவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருவுக்கு வந்தார். வண்டி சூடாகட்டும் என்று சொல்லிக்கொண்டே முனை திரும்பும் வரை தள்ளினார். முனை திரும்பியதும் நான் ஏறி உட்கார்ந்தேன், அவர் பின்னால் ஏறினார். கல்யாணமாகி இத்தனை வருடம் கழித்து வீட்டுக்குத் தெரியாமல் ஊர் சுற்றுகிற ஜோடி மாதிரி இருக்கிறோம் என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று போனது வடக்கே, தானா ராத்தாவைத் தாண்டி கோலா தெர்லா வரை. கேமரனைப் படத்தில் பார்த்தவர்கள் தேயிலையை மட்டும்தான் பார்த்திருப்பார்கள். நேரில் பாதி மலையை பிளாஸ்டிக் கூரைகள் மூடிக்கொண்டிருக்கின்றன. உள்ளே கீரையும் தக்காளியும் பூவும். வெயில் பட்டால் யாரோ மலைமேல் வேட்டி உலர்த்தின மாதிரி ஒரே வெள்ளை. சாலை காய்கறி லாரிகளுக்குச் சொந்தமானது. முட்டைக்கோஸ் கூடைகளை ஆள் உயரத்துக்கு அடுக்கிக்கொண்டு வளைவுகளில் அவை மெல்லச் சாய்ந்து நிமிர்ந்தன. பின்னாலிருந்து அவர் தோளைத் தட்டித் தட்டி வழி சொன்னார். ஒரு தட்டு என்றால் ஹாரன். ஒவ்வொரு வளைவிலும் ஒரு தட்டு.

இது எங்களுக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம். வால்பாறையில் ஹாரன் அடிக்காமல் வளைவு திரும்புகிறவனை எதிரே வருகிற பஸ் டிரைவர் நிறுத்தித் திட்டுவார். 'ஒலி எழுப்பவும்' என்று பலகையே உண்டு. இங்கே யாரும் அடிக்கவில்லை. நான் மட்டும் மலை முழுக்கக் கத்திக்கொண்டே போனேன். கோலா தெர்லா கடைத்தெருவில் ஒரு சின்ன லாரி எங்கள் பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டி வந்த சீனப் பெரியவர் கண்ணாடியை இறக்கி மலாயில் என்னவோ கேட்டார். குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. காய்கறிக் கடைக்காரர் தமிழில் சொன்னார்: இரண்டு மைலாக என் பின்னால் வந்து ஹாரன் அடிக்கிறாயே, நான் உனக்கு என்ன செய்தேன் என்று கேட்கிறார். நான் மன்னிப்புக் கேட்டேன். என் கணவர் மட்டும், மலையில் ஹாரன் அடிக்காதவனுக்கு மலையைப் பற்றி என்ன தெரியும் என்று தமிழில் முணுமுணுத்தார். கடைக்காரர் அதை மொழிபெயர்க்கவில்லை. நல்ல மனிதர்.

அங்கேயே நாசி லெமாக் சாப்பிட்டோம். தேங்காய்ப் பாலில் வெந்த சோறு, மேலே காரமான நெத்திலிச் சம்பல். தேங்காய் விளைகிற ஊரிலிருந்து போய், தேங்காய்ச் சோற்றை இன்னொருவர் இப்படிச் செய்து காட்டினால் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது. என் கணவர் இடது கையால் கரண்டி பிடித்துச் சாப்பிட்டார். இடையிடையே திட்டம் போட்டார். சனி, ஞாயிறு மேலே ஏறவே கூடாது, கோலாலம்பூர் கார்களெல்லாம் ஸ்ட்ராபெர்ரி பறிக்கக் கிளம்பிவிடும். மத்தியானத்துக்கு மேல் மழை, அதனால் ஓட்டமெல்லாம் காலையில். பெட்ரோல் தானா ராத்தாவிலேயே நிரப்பிவிட வேண்டும். ஏழு வண்டியும் எங்கே ஒதுங்கி நிற்கலாம், யாருக்கு எந்த இடத்தில் மூச்சு முட்டும், யார் எங்கே போட்டோ எடுக்க நின்று தொலைப்பார்கள், எல்லாம் சொன்னார். அத்தனை வண்டிகளையும் மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தார். எங்கள் வண்டியை யார் ஓட்டுவது என்பதை மட்டும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு இந்தப் பயணம் வேண்டும். அவருக்காக என்று ஊரில் சொல்லிக்கொண்டாலும், எனக்கே வேண்டும். அதைக் கேட்கிற இடத்தில் அவர் மனசு இல்லை என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள்தான் தேயிலைத் தோட்டத்துக்குள் போனோம். நண்பர்கள் எல்லோருக்கும் ஆசையே அந்தப் பாதையில்தான். வெளியார் வண்டி அதில் சாதாரணமாகப் போக முடியாது. வசந்தி தன் அண்ணன் பெருமாளிடம் சொல்லி அனுமதி வாங்கியிருந்தார். ஒரு வண்டி மட்டுமே போகிற அகலம். ஒரு பக்கம் சரிவு ஏற, மறுபக்கம் சரிவு இறங்க, இரண்டிலும் வெட்டி வைத்த மாதிரி தேயிலை. நாங்கள் நுழைந்த கொஞ்ச நேரத்தில் மூடுபனி இறங்கிவிட்டது. முன்னால் நாலு செடி தெரிந்தது, அதற்கு மேல் வெள்ளை. மேலே எங்கோ கொழுந்து வெட்டுகிற மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. அங்கே இப்போது கையால் கிள்ளுவது குறைவு. இரண்டு பேர் வரிசைக்கு இரு பக்கமும் மெஷினைப் பிடித்து நடக்க, கொழுந்து பின்னால் தொங்குகிற பைக்குள் போய் விழுகிறது.

தோளில் தட்டு விழுந்தது. ஹாரன் அடித்தேன். அடுத்த வளைவு, அடுத்த தட்டு. பனி ஆனதால் நீளமாக அடி என்றார். நீளமாக அடித்தேன். மேலே மெஷின் சத்தம் நின்றது. எங்களுக்காக நிறுத்தியிருப்பார்கள், மரியாதை தெரிந்தவர்கள் என்றார் என் கணவர். பாதை முழுக்க அப்படியே அடித்துக்கொண்டு போய், தகரக் கொட்டகை ஒன்று தெரிந்த இடத்தில் நின்றோம்.

பனிக்குள்ளிருந்து ஆட்கள் இறங்கி வரத் தொடங்கினார்கள். முதலில் இரண்டு நேபாளி ஆண்கள், தோளில் கொழுந்து மூட்டை. பிறகு வங்காளத்து இளைஞர்கள். பிறகு தலையில் துண்டு கட்டிய தமிழ்ப் பெண்கள் சிலர். எல்லோர் முதுகிலும் மூட்டை. பாதி நிறைந்தது, கால் நிறைந்தது. சரிவில் சறுக்கிச் சறுக்கி, ஒருவர் பின் ஒருவராக வந்து கொட்டகை முன்னால் வரிசையில் நின்றார்கள். எங்களைப் பார்த்தார்கள். எங்கள் வண்டியைப் பார்த்தார்கள். ஒரு பெண் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்து, இந்த ஊர்ப் பேச்சுக்கே உரிய 'லா' ஒட்டிக் கேட்டாள்.

"லோரி எங்க லா?"

கங்காணி பெருமாள் கடைசியாக ஓடி வந்தார். ஆஜானுபாகு, மூச்சு வாங்கியது. விஷயம் அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. பனி இறங்கினால் மேலே இருக்கிறவர்களுக்கு லாரி வருவது கண்ணுக்குத் தெரியாது. அதனால் கொழுந்து ஏற்ற வருகிற லாரி வளைவுக்கு வளைவு நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு வரும். கேட்டதும் மெஷினை நிறுத்திவிட்டு மூட்டையோடு எடை போடுகிற கொட்டகைக்கு இறங்கிவிட வேண்டும். அந்தத் தோட்டத்தில் வேறு யாரும் எதற்கும் ஹாரன் அடிப்பதில்லை. நாங்கள் மூன்று சரிவிலிருந்தும் மொத்தப் பேரையும் கீழே வரவழைத்திருந்தோம். லாரி வர இன்னும் நேரம் இருந்தது. அத்தனை பேரும் மூட்டையை வைத்துவிட்டு மறுபடி ஏற வேண்டும்.

பெருமாள் திட்டவில்லை. "தெரியாம அடிச்சிட்டீங்க, பரவால்ல லா. இங்க கோர்னர்ல மெதுவா வந்தா போதும், ஹாரன் வேணாம்" என்றார். பெண்கள் சிரித்துக்கொண்டே ஏறினார்கள். லாரி எங்கே என்று கேட்டவள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் சரிவுதான் செங்குத்து. போகும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். எனக்கு மனசு கேட்கவில்லை.

என் கணவர் முகம் கறுத்துவிட்டது. வண்டி ஓட்ட முடியாமல் போன பிறகு அவருக்கென்று மிச்சம் இருந்தது அந்தத் தோள்தட்டு ஒன்றுதான். அதிலும் தப்பு நடந்துவிட்டது, அதுவும் மலைக்காரர்கள் முன்னால். நான் வண்டியில் ஏறப் போனேன். அவர் என் கையை விலக்கினார்.

"நீ தள்ளு. நான் ஓட்டறேன்."

வேண்டாமுங்க என்றேன். மெல்லத்தான் சொன்னேன், பெருமாள் காதில் விழக்கூடாதே என்று. அவர் கேட்கவில்லை. நான் பின்னால் ஏறினேன். ஏறாமல் இருந்திருக்கலாம். ஆனால் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கையில் அவரைத் தடுக்க எனக்கு வாய் வரவில்லை, தனியாக விடவும் மனசு வரவில்லை.

கொட்டகையைத் தாண்டி ஒரு வளைவு சரியாகத் திரும்பினார். அடுத்ததில் அவர் வலது கை ஆக்ஸிலரேட்டரில் தானாக முறுக்கிக்கொண்டது. வண்டி துள்ளியது. பிரேக்குக்குக் கை போவதற்குள் பாதை முடிந்துவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் தேயிலைக்குள் போய் விழுந்தோம். பார்ப்பதற்கு மெத்தை மாதிரி இருக்கிற தேயிலை உள்ளே முழுக்கக் குச்சி. முழங்கையெல்லாம் கீறல். எலும்பு எதுவும் போகவில்லை. வண்டியின் கண்ணாடி ஒன்று உடைந்தது. அவர் செடிமேல் மல்லாந்து கிடந்தார். வலது கை நெஞ்சின்மேல் நடுங்கிக்கொண்டே இருந்தது. இடது கையால் அதைப் பிடித்து அமுக்கிக்கொண்டிருந்தார். அந்தக் காட்சியை நான் எழுதாமல் விட்டிருக்கலாம். எழுதாவிட்டால் மற்றது புரியாது.

ஓடி வந்தவர்களில் பெருமாளும் இருந்தார். கையைப் பார்த்துவிட்டார்.  எங்களைக் கொட்டகைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்து வெகுநேரம் கழித்து உண்மையான லாரி, உண்மையான ஹாரனோடு, கீழேயிருந்து வந்தது. கொழுந்து ஏற்றி முடித்ததும் பெருமாள் என் கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, நீங்க லோரில வாங்க. தங்கச்சி மோட்டர எடுத்துட்டுப் பின்னாடி வரட்டும்" என்றார். கேபினில் ஏற்கெனவே ஆட்கள். அதனால் அவர் பின்பக்கம் மூட்டைகளின்மேல் ஏறி உட்கார வேண்டியிருந்தது. முகம் என்னைப் பார்த்து.

அப்படித்தான் நாங்கள் இறங்கினோம். முன்னால் லாரி, பின்னால் நான், நடுவில் பனி. நல்லவேளை, லாரியின் சிவப்பு விளக்கு தெரிந்தது. அதற்கு மேலே அவர் தெரிந்தார். கொழுந்து மூட்டைகள்மேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.  பரீட்சைத் தாளை வாத்தியார் முன்னாலேயே எழுதுகிற மாதிரி இருந்தது. கோபமாகப் பார்க்கிறாரா, என்ன பார்க்கிறார் என்று தெரியவில்லை. இறக்கத்தில் ஜல்லி கொட்டிக் கிடந்த ஓரிடத்தில் பின்சக்கரம் வழுக்கியது. அவர் மூட்டைமேல் பாதி எழுந்துவிட்டார். நான் பிரேக்கைத் தொடாமல் கியரைக் குறைத்து வண்டியை நிமிர்த்தினேன். அவர் மெல்ல மறுபடி உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் வேண்டும். பனி கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. கீழே ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் லயத்து வீடுகளின் நீலத் தகரக் கூரைகள். வளைவு வரும், உடம்பு தானாகச் சாயும், வண்டி திரும்பும். தோளில் தட்டு இல்லை, ஹாரன் இல்லை. பின்னால் பாரம் இல்லை. எனக்கு சந்தோஷமாக இருந்தது. கீறல் எரிந்துகொண்டிருந்தது, கணவர் மூட்டையோடு மூட்டையாக முன்னால் போய்க்கொண்டிருந்தார், எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அதை நினைத்து அப்போதே வெட்கமாகவும் இருந்தது. அவருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டேன். ஹெல்மெட்டுக்குள் எந்த முகம் இருந்தால் என்ன, அது எனக்கு அப்போது தோன்றவில்லை.

வசந்தி வீட்டில் மஞ்சள் குழைத்துக் கீறல்களில் போட்டார். உடைந்த கண்ணாடிக்கு நான் மன்னிப்புக் கேட்டால், எங்கண்ணன் இதே வண்டியை ஏரியில விட்டிருக்கு என்று பெருமாளைக் காட்டிக்கொடுத்தார். இரவுக்கு ரசமும் கீரையும், தோட்டத்து முட்டைக்கோஸ் பொரியலும். ஊரைவிட்டு இத்தனை தூரம் வந்தும் அந்த ரசத்தில் எங்கள் பக்கத்து மிளகு வாசம் இருந்தது. என் கணவர் நன்றாகச் சாப்பிட்டார்.

படுக்கப் போகும் முன் நான் கேட்டேன். மணியிடம் நமக்கு வரத் தோதில்லை என்று சொல்லிவிடட்டுமா, மற்றவர்கள் போகட்டும், பாதை பார்த்துக் கொடுத்தாயிற்றே. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அது சரி என்றுதான் அர்த்தம் என்று எடுத்துக்கொண்டேன். எனக்குக் கோபம் வந்தது. விழுந்ததற்குக்கூட வராத கோபம். அந்த மலையில் ஓட்டுவதற்கு நான் தயார் என்பது எனக்கு அன்று தெரிந்துவிட்டது. தெரிந்த அன்றே அது முடிந்துவிட்டது. அழுகையும் வந்தது. அவருக்கு நோய் வந்திருக்கையில் நாம் ஒரு விளையாட்டுப் பயணத்துக்கு அழலாமா என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். ஆனாலும் அழுதேன்.

கடைசி நாள் காலை தானா ராத்தாவில் பேருந்துக்குக் காத்திருந்தோம். நிலையத்துக்கு எதிரே ஒரு தமிழ்க் கடை. ரொட்டி சானாயும் பருப்புக் குழம்பும். நம் பரோட்டாவின் வசதியான அத்தை மகள் அது. இளகிய மனசு, மெல்லிய தோல். பக்கத்து மேசையில் இரண்டு தோட்டத்துக்காரர்கள் பூ விலை பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சிங்கப்பூருக்குப் போகிற செவ்வந்தி நேற்று மழையில் நின்றுவிட்டதாம். வெயில் நன்றாக அடித்தது. இப்படி ஒரு காலையில்தான் ஏழு வண்டியும் கிளம்ப வேண்டும் என்று அவர் நேற்று முன்தினம் சொல்லியிருந்தார்.

அவர் கைப்பேசி அடித்தது. மணி. மேசைமேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார். வலது கையால் அதைக் காதில் வைத்துக்கொள்வது இப்போதெல்லாம் கஷ்டம். நான் சொல்ல வேண்டிய வார்த்தைகளை மனசுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

மணி பாதை எப்படி, மழை எப்படி, சாப்பாடு எப்படி என்று எல்லாம் கேட்டுவிட்டு விஷயத்துக்கு வந்தார். வாடகைக்கு விடுகிறவர்கள் இன்றைக்கே பெயர் கேட்கிறார்கள். முதல் வண்டி உங்கள் பெயர்தானே அண்ணா, எழுதிவிடட்டுமா?

"மீனா பேரப் போடு" என்றார் என் கணவர்.

அண்ணிக்குத் தனி வண்டியா, சொல்லவே இல்லையே என்று மணி சந்தோஷப்பட்டார். தனி வண்டி இல்லை, ஒரே வண்டிதான், நான் பின்னால் உட்காருகிறேன் என்றார் இவர். மணி சிரித்தார். நல்ல பகடி என்று நினைத்துவிட்டார். ஸ்பீக்கரில் அந்தச் சிரிப்பு கடை முழுக்கக் கேட்டது. என் கணவர், மணி சிரித்து முடிக்கும் வரை காத்திருந்தார்.

"கை நடுங்குது மணி. ஒரு வருசமா. இனி நான் ஓட்ட முடியாது."

 தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நான் திரையைப் பார்த்தேன். பிறகு மணி மெல்லிய குரலில் கேட்டார், மலைப்பாதையாயிற்றே அண்ணா, பின்னால் உட்கார்ந்து வர உங்களுக்குப் பயமாக இருக்காதா என்று. கையைப் பற்றி அவர் கேட்கவில்லை.

"இத்தன நாளா அவ பின்னாடியே உட்கார்ந்து வந்தனா, அவ ஓட்டறத நான் பார்த்ததே இல்ல. நேத்து ஒரு லாரி மேல உட்கார்ந்து மல முழுக்கப் பார்த்துட்டே வந்தேன். எனக்குப் பயமில்ல."

அவர் என்னைப் பார்க்காமல் ரொட்டியைப் பார்த்துக்கொண்டு இதைச் சொன்னார். நான் அவரைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்.

மணி, அப்படியானால் முதல் வண்டியாக யாரைப் போடுவது, என்னைப் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். கூட்டத்தில் அவருக்கு அடுத்து ஓட்டத் தெரிந்தவர் மணி.

என் கணவர் கைப்பேசியை மேசையில் என் பக்கமாகத் தள்ளினார். பிறகுதான் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"நீயே சொல்லு. முன்னாடி போறயா?"

கல்யாணமான நாளிலிருந்து எந்தப் பாதையிலும் அவர் என்னிடம் இதைக் கேட்டதில்லை.

"போறேனுங்க" என்றேன்.